வெட்டுமேசைக்கு வைத்த சீல்

கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுவும் கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்துக் கேட்டது. அதற்கு அரசாங்கம் அரக்குக் குச்சியும் மெழுகுவர்த்தியுமாக ஆள் அனுப்பிப் பதில் சொல்லும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று டெய்லரின் மைத்துனர் பின்னால் எத்தனையோ தடவை சத்தியம் செய்தார். செய்து என்ன? எழுதிப் போட்டது அவர், சீல் விழுந்தது டெய்லரின் மேசையில்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெட்டுமேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து போக்கர் ஆடுவார்கள். டெய்லர், அவர் வீட்டுக்காரி, வீட்டுக்காரியின் தம்பி, மாடியில் பல் பிடுங்கும் டாக்டர். தம்பிக்கு ஒரு பெரிய அரசுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற வேலை. பந்தயம் பொத்தான். பத்து சட்டைப் பொத்தான் ஒரு கோட்டுப் பொத்தானுக்குச் சமம் என்று டாக்டர் வகுத்த கணக்கு பதினோரு வருடமாக அமலில் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஆளுக்கு ஒரு பொத்தானை நடுவில் போட்டுவிட்டு ஐந்து சீட்டு எடுப்பார்கள். ஒரே மாதிரி இரண்டு சேர்ந்தால் ஜோடி, மூன்று சேர்ந்தால் அது எந்த ஜோடியையும் அடித்துவிடும். யார் கையில் என்ன இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாது. தைரியம் இருந்தால் பந்தயத்தை ஏற்றலாம். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து மடக்கிவிட்டு ஒதுங்கலாம். மற்றவர்கள் எல்லாரும் மடக்கிவிட்டால் மிஞ்சியவருக்கு நடுவில் கிடப்பதெல்லாம் சொந்தம். அவர் கையைக் காட்ட வேண்டியதில்லை, மடக்கினவர்களும் காட்ட வேண்டியதில்லை. ஆகவே நல்ல சீட்டு வைத்திருந்தும் ஜெயிக்கலாம், ஒரு மண்ணும் இல்லாமல் உதார் விட்டும் ஜெயிக்கலாம்.

டெய்லரிடம் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான் சேர்ந்திருந்தது. எல்லாம் ஜெயித்தது. வீட்டுக்காரியிடம் ஒரு மாத்திரை டப்பா, அதில் ஒரு டஜன் தேறினால் அதிகம். "எல்லாம் இங்க இருக்கு," என்று டெய்லர் நெற்றிப்பொட்டைத் தட்டிக்கொள்வார். நல்ல சீட்டு வந்தால் அவருடைய இடது காது சிவந்துவிடும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தன் காதைத் தானே எங்கே பார்ப்பது, பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றார். தோற்ற கடுப்பில், "மாமா, திறமையாவது ஒண்ணாவது. நீங்க மச்சக்காரர், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டார்.

டெய்லருக்குச் சுருக்கென்றது. ஒரு மனுஷனை அவன் தைத்த சட்டை சரியில்லை என்று சொல்லலாம், பிரித்துத் தைத்துக் கொடுப்பான். அதிர்ஷ்டத்தில் ஜெயித்தாய் என்று சொன்னால் அவன் எதைப் பிரித்துக் காட்டுவான்? இரண்டு வாரம் மைத்துனரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மைத்துனருக்கும் ரோஷம். அவர் லிஃப்ட் ஓட்டும் கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஆட்டத் தன்மை நிர்ணய வாரியம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. எந்த ஆட்டம் திறமை, எந்த ஆட்டம் அதிர்ஷ்டம் என்று தீர்மானிப்பதற்கென்றே ஏற்பட்டது. பெரியவர்களிடமே கேட்டுவிடுவோம் என்று, போக்கர் எதில் சேர்த்தி எனக் கடை விலாசத்தோடு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

வாரியம் ஏற்பட்டு இருபத்திரண்டு வருடத்தில் பொதுமக்களிடமிருந்து அதற்கு வந்த முதல் கடிதம் அது. சும்மா விடுவார்களா?

செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் ஆய்வாளரும் இரண்டு உதவியாளர்களும் கடைக்கு வந்தார்கள். டெய்லர் மேசையில் நீலத் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சீருடை, எண்பது ஜோடி. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம். அவருடைய கடைக்கு வந்த பெரிய ஆர்டர் அது. எதிர்க் கடைக்காரர் அந்த ஆர்டருக்காக எத்தனை நாள் பள்ளிக்கூட வாசலில் நின்றார் என்பது தெருவுக்கே தெரியும்.

"துணியை எடுங்க," என்றார் ஆய்வாளர். "இந்த மேசைமேலதான ஆட்டம் நடக்குது?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்."

"திறமை ஆட்டம்னா இது விளையாட்டுச் சாதனம். அதிர்ஷ்ட ஆட்டம்னா இது குற்றச் சாதனம். எதுன்னு வாரியம் முடிவு பண்ற வரைக்கும் இது மேசையே இல்ல."

"அப்ப இது என்னங்க?"

ஆய்வாளர் கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "பொருள்," என்றார்.

உதவியாளர்கள் மேசையைச் சுற்றி நாடா கட்டி, நாலு மூலையிலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். மேசைமேல் ஊசிகூட வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். போகும்போது ஆய்வாளர், "பயப்படாதீங்க. திறமைன்னு சான்றிதழ் கிடைச்சா நாங்களே வந்து பிரிச்சு விடுவோம்," என்று தைரியம் சொன்னார். நல்ல மனுஷன்தான், அந்த வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால்.

மேசை இல்லாத டெய்லர் என்ன செய்வார்? முதல் நாள் தரையில் விரித்து வெட்டினார். முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து, நாலு சட்டை வெட்டுவதற்குள் எழுந்திருக்க ஆள் தேவைப்பட்டது. மறுநாள் கட்டிலில் விரித்து வெட்டினார். சட்டையின் முதுகுத் துண்டோடு மெத்தை விரிப்பும் அதே அளவில் வெட்டுப்பட்டு வந்தது. மாடியில் டாக்டர் பல் பிடுங்கும் நாற்காலியைப் படுக்க வைத்துக் கொடுத்தார். அது நடுவில் குழிந்திருந்ததால் கால்சட்டை ஒன்று வயிறு வைத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் பதினாறு ஜோடிதான் தேறியது. எதிர்க் கடைக்காரர் தினமும் சாயங்காலம் வந்து, "என்னண்ணே, முடியலன்னா சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்," என்று ரொம்ப அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

டெய்லர் ஆறாவது மாடிக்குப் போனார். மைத்துனர்தான் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார். ஆறு மாடியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாரியத்தின் சுவரில் இதுவரை செய்த தீர்மானங்களைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சதுரங்கம், அதிர்ஷ்டம்: வெள்ளைக் காய் யாருக்கு என்பது பூவா தலையா போட்டுத் தீர்மானிக்கப்படுவதால். பாம்பும் ஏணியும், திறமை: பாம்பின் வாயில் போய் நிற்காமலிருப்பது ஆடுபவரின் பொறுப்பு என்பதால். பூவா தலையா, திறமை: சுண்டுவது கட்டைவிரல், கட்டைவிரல் ஆடுபவருடையது. டெய்லர் பலகையை இரண்டு தடவை படித்தார். ஏதோ தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆய்வாளர் சோதனை அறைக்குக் கூப்பிட்டு, விதி பதினாலை எழுந்து நின்று வாசித்தார். "வெற்றி எவருக்கும் தற்செயலாக வாய்க்கலாம். வேண்டும்போது தோற்க முடிகிறவரிடமே திறமை உண்டு. எனவே விண்ணப்பதாரர் தொடர்ந்து பத்து ஆட்டம் வேண்டுமென்றே தோற்றுக் காட்டுதல் வேண்டும்."

டெய்லருக்கு நிம்மதியாகிவிட்டது. "அவ்வளவுதானங்க? வந்த சீட்ட உடனே மடக்கிட்டாப் போச்சு."

"ஆடித்தான் பாருங்களேன்," என்றார் ஆய்வாளர்.

ஆட ஆள் வேண்டுமே. ஆய்வாளரும் இரண்டு உதவியாளர்களும் எதிரே உட்கார்ந்தார்கள். பந்தயத்துக்குப் பொத்தான் வாங்க வாரியத்தில் வழிவகை இல்லை என்பதால் மூன்று பேரும் தங்கள் சட்டையிலிருந்தே ஆளுக்கொன்று பிய்த்து நடுவில் போட்டார்கள். சீட்டு போட்டாயிற்று. முதல் உதவியாளர் சீட்டைத் தொடாமலே, "மடக்கறேன்," என்றார். இரண்டாமவரும் மடக்கினார். ஆய்வாளரும் மடக்கினார். டெய்லர் வாயைத் திறப்பதற்குள் அவர் ஜெயித்துவிட்டிருந்தார்.

"ஏங்க, நீங்க ஏன் மடக்குறீங்க? நான்ல தோக்கணும்?"

"அரசு ஊழியர் பொதுமக்கள்கிட்டேருந்து எந்தப் பொருளும் வாங்கக் கூடாது. பொத்தான் ஒரு பொருள். நாங்க ஜெயிச்சா எங்க வேலை போயிடும்."

"அப்ப முதல்ல என்னை மடக்க விடுங்க."

"பொதுமக்கள் முறை எப்பவுமே கடைசி," என்றார் ஆய்வாளர். அவர் அதைக் கண்டிப்பாகக்கூடச் சொல்லவில்லை. கிழக்கே சூரியன் உதிக்கும் என்பதுபோலச் சொன்னார்.

இரண்டாவது ஆட்டம் ஜெயித்தார். மூன்றாவது ஜெயித்தார். எப்படியாவது தோற்றுத் தொலைக்கலாம் என்று ஒரு தடவை சீட்டை எடுத்து மேலே காட்டி, "பாருங்க, என் கைல ஒண்ணுமே இல்ல," என்று கெஞ்சினார். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மடக்கினார்கள். பத்தாவது ஆட்டத்துக்கு ஆய்வாளரின் கைமடிப்புப் பொத்தானும் போய்விட்டது. அந்த ஆட்டத்தில் டெய்லர், அவர்கள் மடக்கின கையோடு, "நானும் மடக்குறேன்," என்று அவசரமாகக் கத்தினார். ஆய்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். "அனைவரும் மடக்கினால் கடைசியாக மடக்கியவரே வென்றவர்."

அறிக்கை அங்கேயே தட்டச்சாயிற்று. 'விண்ணப்பதாரருக்குத் தோற்கத் தெரியவில்லை. பத்துக்குப் பத்து வென்றார். சீட்டைப் பார்க்காமலும் வென்றார். ஆகவே இவ்வாட்டத்தில் திறமைக்கு இடமில்லை.'

மூன்று பேர் சட்டையும் ஆவென்று திறந்து கிடந்தது. டெய்லருக்கு மனசு கேட்கவில்லை. "ஊசி நூல் கைவசம் இருக்குங்க, தைச்சுக் குடுத்துட்டுப் போறேன்," என்றார்.

"அது பொதுமக்கள்கிட்ட உபகாரம் வாங்கினதாயிடும்," என்று சொல்லிவிட்டு அவர்கள் குண்டூசி குத்திக்கொண்டார்கள்.

வீட்டில் வீட்டுக்காரி கதை முழுவதையும் கேட்டாள். விதி பதினாலைக் கேட்டபோது மட்டும் அடக்க முடியாமல் சிரித்தாள். டெய்லருக்குக் கோபம் வந்தது. "உனக்குச் சிரிப்பா இருக்கு. நாளைக்கு வாரியத்து இயக்குநர் அறிக்கைல கையெழுத்துப் போட்டுட்டா அந்த மேசை அவ்வளவுதான், கொண்டு போயிடுவாங்க. எண்பது புள்ளைங்க துணி. எதிர்க் கடைக்காரன் அளவு நாடாவோட நிக்கறான்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், அந்த இயக்குநர் லிஃப்ட்ல என்ன பேசுவாரு?"

"வாயே தொறக்க மாட்டாருக்கா. தபால்காரர் ஏறினா மட்டும் அவர் கைல இருக்கற பழுப்பு உறையவே பாத்துக்கிட்டு இருப்பாரு, மாற்றல் உத்தரவு அதுலதான வரும். அஞ்சாவது மாடில தபால்காரர் இறங்கிட்டா ஒரு பெருமூச்சு விடுவாரு."

"சரி," என்றாள்.

காலையில் டெய்லர் கிளம்பும்போது நீளமான பழுப்பு உறை ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். வாயை ஒட்டியிருந்தது. தடவினால் உள்ளே தடிப்பாக, விறைப்பாக ஏதோ இருந்தது.

"இதுல என்ன?"

"உங்களுக்கு எதுக்கு? அங்க போய் அவர் மேசைமேல கவுத்து வச்சிட்டு உக்காருங்க. கைய அதும்மேலேயே வச்சுக்கங்க. அவரா கேட்டா ஒழிய வாயத் தொறக்காதீங்க. கேட்டா உண்மையச் சொல்லுங்க."

"உண்மையே எனக்குத் தெரியாதே."

"அதத்தான் சொல்லச் சொல்றேன்."

பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று தெரியும். உறையை எடுத்துக்கொண்டு போனார்.

இயக்குநரின் அறை பெரிது. அவர் கோட்டு அதைவிடப் பெரிது. இடது தோள் ஓர் அங்குலம் இறங்கியிருக்கிறது, யாரோ வேறு ஆளுக்குத் தைத்தது என்று டெய்லரின் கண் தன்பாட்டுக்கு அளவெடுத்தது. உறையைக் கவிழ்த்து வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இயக்குநர் உறையைக் கவனிக்கவில்லை. அறிக்கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

"அதிர்ஷ்டத்த நம்பறவங்கள எனக்குக் கட்டோடு பிடிக்காது. நான் இந்த நாற்காலிக்கு முழுக்க முழுக்கத் திறமையில வந்தவன். பரீட்சை எழுதப் போனேன், அறை மாறி உட்கார்ந்துட்டேன். அது வேற வேலைக்கான பரீட்சை. அந்த அறைல என்னைத் தவிர யாருமே இல்ல. வேற எவனா இருந்தாலும் எழுந்து போயிருப்பான். நான் அசையல. முதலிடம். அது திறமை. அப்புறம் எனக்கு மேல ஒருத்தர் இருந்தார். நாலாவது மாடிப் படில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டார். அதே படில நானும் தினம் நடந்தேன். வழுக்கலையே? அவருக்கு அடுத்தவரோட கோப்பு காணாமப் போச்சு. என் கோப்பு காணாமப் போகல. ஒரு கோப்பு இத்தனை வருஷம் ஒரே எடத்துல இருக்கறது லேசுப்பட்ட காரியம்னு நினைக்கிறீங்களா?"

"இல்லீங்க," என்றார் டெய்லர். அவருக்கு நிஜமாகவே பிரமிப்பாக இருந்தது.

"போன வருஷம் பதவி உயர்வு எனக்கு வரல. வேறொருத்தருக்குப் போச்சு." இயக்குநர் அறிக்கையின் மடிந்த ஓரத்தை நீவிவிட்டார். "அது அதிர்ஷ்டம்."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், அப்போதுதான் உறையைப் பார்த்தார். பேனா அப்படியே நின்றது.

"அது என்ன?"

டெய்லர் உண்மையைச் சொன்னார். "தெரியாதுங்க."

"தெரியாதா? யார் குடுத்தது?"

டெய்லர் யோசித்தார். உண்மையைத்தான் சொல்ல வேண்டும். "வீட்ல... மேலிடத்துலங்க," என்றார். அவர் வீட்டுக்காரியை அப்படித்தான் குறிப்பிடுவது வழக்கம். தெரு முழுக்க அந்த வழக்கம் தெரியும். ஆறாவது மாடிக்குத் தெரியாது.

இயக்குநர் நீண்ட நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், நாள் பூராவும் பார்க்கிற முகம். இந்த முகத்தில் பொய் துளிகூட இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது. அவர் விரல் தானாகக் கோட்டின் இரண்டாவது பொத்தானைப் போய்த் திருகியது. அதைப் பார்த்ததும் டெய்லருக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. டாக்டர் மோசமான சீட்டை வைத்துக்கொண்டு இப்படித்தான் சட்டைக் கையை உருட்டுவார். இந்த ஆள் கையில் ஒன்றுமில்லை. டெய்லர் உறையை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினார்.

"இதப் பிரிக்கணும்னு அவசியமா?" என்றார் இயக்குநர் மெதுவாக.

"உங்க இஷ்டங்க. மேசைய விட்டுட்டா நான் பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்."

இயக்குநர் அறிக்கையைக் கிழித்தார். புதுத் தாள் எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். 'போக்கர் திறமை ஆட்டமே என்று ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் நிர்ணயிக்கப்படுகிறது. மேசை உடனே விடுவிக்கப்படும்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டெய்லர் உறையோடு கதவுப் பக்கம் போகிறபோது கேட்டார்: "இப்பவாவது சொல்லுங்க. உள்ள என்ன இருக்கு?"

"மடக்கினவங்களுக்குக் காட்டணும்னு விதி இல்லீங்க," என்றார் டெய்லர். அவர் தெரிந்ததைத்தான் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாதே.

அன்று மத்தியானமே ஆய்வாளர் குண்டூசிச் சட்டையோடு வந்து அரக்கைச் சுரண்டிவிட்டுப் போனார். வீட்டுக்காரி உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். காலருக்குள் வைத்துத் தைக்கிற விறைப்புத் துணி, இரண்டு துண்டு.

மைத்துனர் சும்மா இருப்பாரா? "அக்கா, இதுல திறமை என்ன இருக்கு? மாற்றல் பட்டியல் இன்னிக்கு வருதுன்னு காலைலேருந்து லிஃப்ட் பூரா அதே பேச்சு. அதான் அந்த ஆளு பயந்துட்டாரு. சுத்த அதிர்ஷ்டம்."

"அந்த ஆபீஸ்ல மாற்றல் பட்டியல் வருதுன்னு பேச்சு இல்லாத நாள் ஒண்ணு சொல்லு பாப்போம்," என்றாள் அவள்.

மைத்துனர் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு நாள் அவருக்கு அகப்படவில்லை. "எதுக்கும் ஒரு கடுதாசி போட்டுக் கேட்டா..." என்று ஆரம்பித்தார். டாக்டர் எட்டி அவர் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டார்.

எண்பது ஜோடியும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசையின் நாலு மூலையிலும் அரக்குத் தழும்போடு ஆட்டம் நடந்தது. மைத்துனர் மடக்கினார். டாக்டர் சட்டைக் கையை உருட்டிவிட்டு மடக்கினார். டெய்லரிடம் ஒரு ஜோடி ஏழு இருந்தது. அவர் கோட்டுப் பொத்தான் ஒன்றை நடுவில் வைத்தார். வீட்டுக்காரி அவரை, அல்லது அவர் காதுப் பக்கம், ஒரு நிமிஷம் பார்த்தாள். "நான் மடக்கறேங்க," என்று சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூன்று வாரமாக இடுப்பொடியத் தைத்த மனுஷனுக்கு வெந்நீர் வைக்க எழுந்து உள்ளே போனாள்.

டாக்டரும் மைத்துனரும் பேனாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டெய்லருக்கு விதி பதினாலு ஞாபகம் வந்தது. அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது. பதினோரு வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். அவள் கவிழ்த்து வைத்த சீட்டை ஓரத்தில் தூக்கிப் பார்த்தார்.

மூன்று ராணி.

சீட்டைப் பழையபடி வைத்தார். பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். யாராவது ஒரு வாடிக்கையாளர் தைத்த துணியை வாங்காமலே போன வாரமெல்லாம், முதுகு பிடித்துக்கொண்ட வாரமெல்லாம், தான் எப்படி ஜெயித்தோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வென்ற பொத்தான்களை டப்பாவில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவள் திரும்பி வந்தாள். "என்னங்க, ஜெயிச்ச முகமாவே இல்லையே?"

"ஜெயிச்சேன்," என்றார் டெய்லர். "இந்த ஆட்டம் திறமைதான். ஒத்துக்கறேன்."

யாருடைய திறமை என்று அவள் கேட்கவில்லை. தன் சீட்டைத் திருப்பாமலே எடுத்துக் கட்டோடு சேர்த்து, கலைக்க ஆரம்பித்தாள்.